நாவுக்குக் கொடுக்கும் கையூட்டு

புகையிலைக்கு வக்காலத்து வாங்கும் வழக்கம் தமிழுக்குப் புதியதன்று. சீனிச்சர்க்கரைப் புலவர் பழனி முருகனிடம் புகையிலையையே தூது அனுப்பினார். உ.வே.சாமிநாதையர் அந்தப் 'புகையிலை விடு தூது' நூலைப் பதிப்பித்துக் காத்தார். மும்மூர்த்திகளின் கதையோடு புகையிலையை இணைத்து, அதற்குப் 'பிரமபத்திரம்' என்று பட்டமும் சூட்டியிருக்கிறோம். கைப்பும் காரலுமான ஓர் இலையைப் பாடியவர் பெயரில் சீனியும் சர்க்கரையும் சேர்ந்தே இருப்பது தற்செயல்தான். ஆனால் புகையிலையின் வணிக வரலாறு அந்தத் தற்செயலை மெய்யாக்கிவிட்டது. புகையிலை புதிய வாடிக்கையாளரிடம் பெரும்பாலும் தனியாக வருவதில்லை. இனிப்பையோ மணத்தையோ குளிர்ச்சியையோ துணைக்கு அழைத்துக்கொண்டுதான் வருகிறது.

இப்போது அது வந்திருக்கும் வேடம் மின்சிகரெட். பேச்சு வழக்கில் வேப். இலக்கியம் வாசிக்கும் நண்பர்கள் சிலரே இதற்காக வாதாடுவதைக் கேட்கிறேன். கடையில் வாங்கும் திரவம் மட்டமானது, எசன்ஸ்களை அளந்து வீட்டிலேயே கலந்துகொள்வதுதான் மேலானது, அதில் ஒரு கலை இருக்கிறது என்கிறார்கள். தஞ்சாவூர் வித்துவான் வெற்றிலைச் செல்லத்தைத் திறந்து, காம்பு கிள்ளி, நரம்பு உரித்து, சுண்ணாம்பு தடவி மடித்த அந்த நிதானத்தின் இன்றைய வடிவம் இது என்கிறார்கள். என் நாவுக்கும் என் ரசனைக்கும் இடையில் அரசுக்கு என்ன வேலை என்றும் கேட்கிறார்கள். மறுத்துப் பேசினால் 'ஒழுக்கவாதி' என்ற முத்திரை தயாராக இருக்கிறது.

ஒழுக்கத்தைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை. ஒருவர் கெட்டுப்போவதற்கு அவருக்கு உரிமை உண்டா என்ற கேள்வியையும் ஒதுக்கி வைக்கிறேன். என் சண்டை ஒரு சொல்லைப் பற்றியது. 'சுவை' என்ற சொல்லை இந்தக் காரியத்திற்குப் பயன்படுத்தாதீர்கள் என்பதே என் கட்சி. ஏனென்றால் இங்கே நடப்பது சுவைத்தல் அன்று. சுவை உணர்வை ஏமாற்றுதல்.

அந்தத் திரவத்தில் என்ன இருக்கிறது? புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், நிகோடின், எசன்ஸ். முதல் இரண்டும் ஆவியாகிப் புகைபோலத் தோன்றுவதற்கு. மூன்றாவது, பழக்கத்தை உண்டாக்குவதற்கு. நான்காவதுதான் 'கலை' என்று சொல்லப்படுவது. ஸ்ட்ராபெர்ரி, கஸ்டர்டு, வனிலா, புதினா என்று சொட்டுக் கணக்கில் சேர்க்கிறார்கள். சில கலவைகளை ஊறுகாய் ஜாடிபோல வாரக்கணக்கில் ஊற வைக்கிறார்கள். பிறகு கூடி அமர்ந்து, கச்சேரி கேட்டு வந்தவர்கள்போல நுணுக்கம் பேசுகிறார்கள். நுணுக்கம் இருக்கட்டும். அந்த நான்கு பொருள்களில் எசன்ஸ் ஏன் தேவைப்படுகிறது என்ற கேள்வியை மட்டும் அவர்கள் கேட்டுக்கொள்வதில்லை.

அதற்கு விடை வேண்டுமானால் சுவை எப்படி நிகழ்கிறது என்று பார்க்க வேண்டும். மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு மாம்பழத் துண்டை மென்று பாருங்கள். இனிப்பும் புளிப்பும் தெரியும், மாம்பழம் தெரியாது. விரலை எடுத்த நொடியில் மாம்பழம் வந்துவிடும். நாம் சுவை என்று சொல்வதில் பெரும்பகுதி, வாயிலிருந்து தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறும் மணம். 2020இல் கொரோனாவால் மணம் இழந்தவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. சோறும் குழம்பும் வாயில் வெறும் சூடாகவும் ஈரமாகவும் இருந்த நாள்களை அவர்கள் மறக்கவில்லை. நம்முடைய அறுசுவையிலும் கார்ப்பும் துவர்ப்பும் நாவின் சுவை அரும்புகள் அறிபவை அல்ல என்கிறது இன்றைய அறிவியல். அவை எரிச்சலையும் தொடுதலையும் உணரும் நரம்புகளின் செய்தி. ஆக, நா, மூக்கு, நரம்பு மூன்றும் கொடுக்கும் சாட்சியங்களைச் சேர்த்து மூளை எழுதும் தீர்ப்பே சுவை.

இந்தச் சாட்சிகளில் மிகவும் கண்டிப்பானது கைப்பு. இனிப்பை அறிய மனித நாவில் ஒரே ஒரு வகை ஏற்பி போதுமானதாக இருக்கிறது. கைப்பை அறியவோ ஏறத்தாழ 25 வகைகள். காரணம் எளிது. தாவரங்கள் செய்யும் நஞ்சுகளில் பல கைப்பவை; கைப்பைத் துப்பிய உயிர் பிழைத்தது. நிகோடினும் அப்படி ஒரு செடி தன்னைத் தின்ன வரும் பூச்சிகளுக்கு எதிராகச் செய்துவைத்த நஞ்சுதான். அது நாவில் கைக்கிறது, தொண்டையில் குத்துகிறது. முதன்முதலில் பீடி இழுத்த சிறுவன் இருமிக் கண்ணீர் விடுவது அவனுடைய பலவீனம் அன்று. வாசலில் நிற்கும் காவற்காரன் தன் வேலையைச் செய்கிறான்.

எசன்ஸ் அந்தக் காவற்காரனுக்குக் கொடுக்கப்படும் கையூட்டு. இனிப்பு கைப்பை மறைக்கிறது. பழமணம் 'இது உணவு' என்று மூளைக்குப் பொய்ச்சாட்சி சொல்கிறது. மெந்தால் குளிர்ச்சியை உணரும் நரம்பைத் தட்டி, எரிச்சலைத் தணித்துவிடுகிறது. 2015இல் அமெரிக்காவில் வந்த ஜூல் கருவி இன்னும் ஒரு படி மேலே போய், பென்சாயிக் அமிலம் சேர்த்து நிகோடினை உப்பாக்கித் தொண்டைக் குத்தலையே குறைத்தது. அதனால் மிகுதியான நிகோடினை மிருதுவாக உள்ளே இழுக்க முடிந்தது. இத்தனை ஏற்பாடும் எதற்கு? சுவையைக் கூட்டுவதற்கு அன்று. உடல் சொல்லும் 'வேண்டாம்' என்ற சொல் காதில் விழாமல் செய்வதற்கு.

கையூட்டு வாங்கிய காவற்காரன் ஒருநாளோடு நிற்பதில்லை. ஒரே மணத்தை ஓயாமல் முகர்ந்தால் மூக்கு அதைச் சொல்வதை நிறுத்திவிடும்; பூக்கடைக்காரருக்கு மல்லிகை மணக்காது. நாள் முழுதும் ஒரே கலவையை இழுப்பவருக்கும் சில நாள்களில் அது ஒன்றுமில்லாததாகிவிடுகிறது. இந்த நிலையை அவர்கள் 'வேப்பரின் நாக்கு' என்கிறார்கள். உண்மையில் மரத்துப்போவது பெரும்பாலும் மூக்கு. அதற்கு அவர்கள் சொல்லும் மருந்துகள்: எசன்ஸைக் கூட்டு, கலவையை மாற்று, நிறையத் தண்ணீர் குடி, காப்பிக் கொட்டையை முகர்ந்து பார். 'இழுப்பதை நிறுத்து' என்பது அந்தப் பட்டியலில் கடைசியில்கூட இருப்பதில்லை. ரசனை வளர்ந்துவிட்டதால் புதுப்புதுக் கலவைகளைத் தேடுகிறோம் என்று அவர்கள் நம்புகிறார்கள். உணர்வு தேய்வதால் தேடுகிறார்கள் என்பதே உண்மை. 2014 ஜனவரியில் இணையத்தில் விற்பனையில் இருந்தவற்றை எண்ணிய அமெரிக்க ஆய்வாளர்கள் 466 வணிகப் பெயர்களையும் 7,764 ஃப்ளேவர்களையும் கண்டார்கள். ஆறு சுவைகளை வைத்துக்கொண்டு ஒரு சமையல் மரபையும் ஒரு மருத்துவ மரபையும் நடத்திய மொழியைச் சேர்ந்தவர்கள் நாம். 7,764 என்ற எண்ணைப் பார்த்து 'எவ்வளவு செழுமை' என்று நாம் வியக்கக்கூடாது. 'எவ்வளவு மரத்துப்போயிருக்கிறார்கள்' என்றுதான் கேட்க வேண்டும்.

'நானே கலக்கிறேன், ஆகவே நான் சுதந்திரமானவன்' என்பது அடுத்த வாதம். கலக்கும் வேலை வாங்குபவன் கைக்கு எப்படி வந்தது என்று பார்ப்போம். ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் கொண்டுவந்த புகையிலை நெறிமுறை, 2016 மே மாதம் முதல் நிகோடின் திரவத்தை 10 மில்லி புட்டிக்குள்ளும், மில்லிக்கு 20 மில்லிகிராம் அளவுக்குள்ளும் அடக்கியது. நிகோடின் இல்லாத எசன்ஸ் திரவத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. உடனே வணிகர்கள் பெரிய புட்டியில் எசன்ஸையும் சிறிய புட்டியில் நிகோடினையும் தனித்தனியே விற்றார்கள். கலப்பது வாங்குபவன் வேலையாயிற்று. சட்டத்தின் சந்தில் நுழைய விற்பவனுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டான்; வாங்குபவனையே அந்த ஆளாக்கி, அவனுக்குக் 'கலைஞன்' என்று பெயரும் வைத்தான்.

இந்த வித்தையைக் கற்க நாம் ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை. அவர்களுக்கு முன்னரே நம்மவர்கள் செய்துகாட்டிவிட்டார்கள். உணவுப் பொருளில் புகையிலையும் நிகோடினும் சேரக்கூடாது என்று 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறை சொன்னது. அதைக் கொண்டு 2012 முதல் மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் குட்காவைத் தடை செய்தன. தமிழ்நாடு 2013 மே மாதத்தில் செய்தது. கம்பெனிகள் என்ன செய்தன? குட்காவை இரண்டாகப் பிரித்தன. ஒரு பொட்டலத்தில் ஏலக்காயும் வாசனையும் சேர்ந்த பான் மசாலா, இன்னொன்றில் புகையிலை. இரண்டையும் ஒன்றாக வாங்கி, உள்ளங்கையில் கொட்டிக் குலுக்கி வாயில் போட்டுக்கொள்பவன்தான் இப்போது உற்பத்தியாளன். கம்பெனி கலக்கவில்லை, ஆகவே கம்பெனிக்குக் குற்றமில்லை. 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டின் தடையை ரத்து செய்ததும், அதே ஆண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்ததும் இந்த நெடும் வழக்கின் இடைக்கட்டங்கள். இதற்கிடையில் கர்நாடக எல்லையிலிருந்து வரும் மூட்டைகள் ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி வழியில் பிடிபடுவது நாளிதழ்களின் அன்றாடச் செய்தி.

பொம்மிடி இந்தப் பாதைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. சேலம் – ஜோலார்பேட்டை ரயில் தடத்தில், சேர்வராயன் மலைத்தொடரை அண்டிய ஊர். பொம்மிடியிலும் கடத்தூர்ப் பக்கத்திலும் வெற்றிலைக் கொடிக்கால்கள் உண்டு. கவுளி கவுளியாக வெற்றிலை கட்டும் கைகள் இங்கே இன்னும் இருக்கின்றன. ஆகவே தாம்பூலத்தின் பெயரால் வேப்புக்கு வாதாடுபவர்களுக்கு இந்த வட்டாரத்திலிருந்தே பதில் சொல்லலாம். இன்று இளைஞர்கள் வெற்றிலையை மடிப்பதில்லை, பொட்டலத்தைக் கிழிக்கிறார்கள். வெற்றிலைக்கு இருந்த கைப்பக்குவம், விருந்தினர், சடங்கு, உணவுக்குப் பின் என்ற நேரம் ஆகிய வேலிகள் எல்லாம் பொட்டலத்தில் இல்லை. வேலிகளை எறிந்துவிட்டு மணத்தை மட்டும் எடுத்துக்கொண்டது வணிகம். வேப்பும் அதையேதான் செய்கிறது. இரண்டுக்கும் தாம்பூலம் மூதாதை அன்று, திருடப்பட்ட வீடு.

அந்த வீட்டையும் நான் புனிதமாக்கப் போவதில்லை. பாக்கே புற்றுநோய்க் காரணி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2003இல் முடிவு செய்தது. புகையிலை சேர்ந்த தாம்பூலத்தைப் பற்றி 1985லேயே சொல்லியிருந்தது. சுண்ணாம்பு சிவப்புக்காக மட்டும் வைக்கப்பட்டதும் அன்று; அதன் காரத்தன்மை நிகோடினை வாயின் தோல் வழியே விரைவாக இரத்தத்தில் ஏற்றுகிறது. வித்துவான் அறிந்தாலும் அறியாவிட்டாலும் செல்லத்துக்குள் ஒரு சிறு ரசாயனக்கூடம் இருந்தது. மரபு என்பதால் ஒரு பொருள் நஞ்சிலிருந்து விலக்கு பெற்றுவிடாது. ஆகவே 'அதுவும் கலவைதானே' என்ற வாதம் வேப்பைக் காப்பாற்றவில்லை. பாக்கையும் புகையிலையையும் சேர்த்துக் கூண்டில் ஏற்றுகிறது.

பாக்கு மெல்பவர்களுக்கு வரும் வாய்நார்த் திசு நோயின் போக்கைப் பாருங்கள். தொடக்கத்தில் காரமான உணவு வாயில் எரியும். பிறகு கன்னத்தின் உட்புறம் வெளுத்து இறுகும். முற்றினால் வாய் திறப்பது விரற்கடையாகக் குறுகும்; புற்றாக மாறவும் வாய்ப்புண்டு. களி உருண்டையும் கீரைக் கடைசலும் புளிச்சாறும் தின்று வளர்ந்த தருமபுரி மாவட்டத்து இளைஞன், அம்மா வைத்த குழம்பின் காரம் தாங்காமல் தட்டைத் தள்ளிவைக்கிறான். இதைத்தான் நீங்கள் ரசனை என்கிறீர்களா? நாவின் பெயரால் தொடங்கிய ஒன்று நாவைத்தான் முதலில் தின்கிறது.

வேப்பில் வாய்க்குப் பதில் நுரையீரல். எசன்ஸ் புட்டியில் 'உணவுக்கு ஏற்றது' என்று எழுதியிருப்பதை நம்பி வீட்டில் கலக்கிறார்கள். உண்பதற்கு ஏற்றது என்றால் உண்பதற்கு ஏற்றது என்றே பொருள். இரைப்பைக்குச் செல்வதும் நுரையீரலுக்குச் செல்வதும் ஒன்றல்ல. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்து ஜாஸ்பர் ஊரில், பாப்கார்ன் ஆலையில் வேலை பார்த்த எட்டுப் பேருக்கு மூச்சுச் சிறுகுழல்கள் அடைபடும் நோய் கண்டறியப்பட்டது. வெண்ணெய் மணம் தரும் டைஅசிட்டைல் ஆவியைச் சுவாசித்ததே காரணம் என்று ஆய்வுகள் காட்டின. பாப்கார்னைத் தின்பவர்களுக்கு வராத நோய், அதன் மணத்தை நாள்தோறும் மூச்சில் வாங்கியவர்களுக்கு வந்தது. வேப் இழுப்பவர்களுக்கு எல்லாம் இதே நோய் வரும் என்று மிரட்ட நான் வரவில்லை. கஸ்டர்டு, வெண்ணெய் போன்ற எசன்ஸ்களில் டைஅசிட்டைல் காணப்பட்டிருக்கிறது என்பதையும், சமையலறையின் நற்சான்று நுரையீரலுக்குச் செல்லாது என்பதையுமே சொல்கிறேன். 2019இல் அமெரிக்காவில் பரவிய வேப் நுரையீரல் நோயில், 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள் அல்லது இறந்தார்கள். இறந்தவர்கள் 68 பேர். பெரும்பாலும் கஞ்சாச் சத்து எண்ணெயில், கள்ளச் சந்தையில் கெட்டித்தன்மைக்காகக் கலக்கப்பட்ட வைட்டமின் ஈ அசிட்டேட் முதன்மைக் காரணமாகக் கண்டறியப்பட்டது. முகப்பூச்சில் தீங்கில்லாத பொருள் அது. யாரோ ஒருவர் எங்கோ ஒரு அறையில் 'இதையும் சேர்த்தால் என்ன' என்று நினைத்தார், அவ்வளவுதான்.

என் கட்சிக்கு எதிராக இரண்டு நியாயமான வாதங்கள் உண்டு. முதலாவது: சிகரெட் பெட்டிக்கடையில் தாராளமாகக் கிடைக்கும் நாட்டில் வேப்பை மட்டும் தடை செய்வது பாசாங்கு. உண்மை. 2018இல் தமிழ்நாட்டிலும், 2019 செப்டம்பரில் அவசரச் சட்டமாகவும் டிசம்பரில் நாடாளுமன்றச் சட்டமாகவும் நாடு முழுவதிலும் மின்சிகரெட் தடை வந்தது. தயாரிப்போ விற்பனையோ செய்பவருக்கு முதல் முறை ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். சிகரெட்டுக்கு அப்படி ஒன்றுமில்லை, பொதுத்துறை எல்.ஐ.சி.யே ஐ.டி.சி.யின் பெரும் பங்குதாரர்களுள் ஒன்று. ஆனால் இந்தப் பாசாங்கிலிருந்து கிடைக்கும் முடிவு எது? வேப்பைத் திறந்துவிடு என்பதா, சிகரெட்டையும் கட்டு என்பதா? ஒரு வீட்டின் கதவு திறந்திருப்பதைக் காட்டி மற்ற வீட்டின் பூட்டையும் உடைக்கச் சொல்வது வழக்கறிஞர் சாமர்த்தியம், வாதம் அன்று.

இரண்டாவது: பல ஆண்டுகளாகச் சிகரெட் பிடிப்பவர் அதை விட்டொழிக்க வேப் உதவுகிறது, சிகரெட்டைவிடத் தீங்கு குறைவு, பழச்சுவை இருந்தால்தான் அவர்கள் மாறுகிறார்கள். பிரிட்டனின் மருத்துவர்கள் பலர் இதை ஏற்கிறார்கள். இதை நான் மதிக்கிறேன். ஆனால் இது மருந்து வாதம். மருந்துக்கு அளவு உண்டு, காலம் உண்டு, விட்டுவிட வேண்டிய நாள் உண்டு. நிகோடின் சூயிங்கம்மை யாரும் ரசனை என்று கொண்டாடுவதில்லை. மருந்து என்று சொல்லுங்கள், மருந்தின் விதிகளை ஏற்றுக்கொள்ளுங்கள். சுவை என்று சொல்லிக்கொண்டு மருந்தின் சலுகையைக் கேட்காதீர்கள். அந்தப் பிரிட்டனே, இளையவர்களிடம் பரவியதைக் கண்டு, ஒருமுறை இழுத்து எறியும் வேப்புகளை 2025 ஜூன் 1 முதல் தடை செய்துவிட்டது.

இளையவர்கள் என்றதும் வகுப்பறை நினைவுக்கு வருகிறது. மெய்ப்பாட்டியல் நடத்தும் நேரத்தில் கேள்வி கேட்டால், கீழுதட்டைப் பல்லோடு ஒட்டிவைத்துக்கொண்டு தலையை மட்டும் அசைக்கும் மாணவனை இப்போது எந்த ஆசிரியரும் அடையாளம் கண்டுகொள்வார். உதட்டுக்குள் ஒரு சிறு பை. 2024இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, 'கூல் லிப்' என்ற அத்தகைய பை பள்ளி மாணவர்களிடையே பரவியிருப்பதைக் கவனித்து, அதை நாடு முழுவதும் ஏன் தடை செய்யக்கூடாது என்று கேட்டது. பெயரைக் கவனியுங்கள். புகையிலை என்று பெயரில் இல்லை. குளிர்ச்சி இருக்கிறது, உதடு இருக்கிறது. பெயரிலேயே கையூட்டு கொடுத்தாயிற்று.

ஆகவே கோரிக்கை தெளிவானது. நிகோடின் உள்ள எந்தப் பொருளிலும், அது சிகரெட்டானாலும் வாய்ப்புகையிலையானாலும் வேப்பானாலும், இனிப்பும் பழமணமும் மெந்தாலும் சேர்க்கக்கூடாது. கூடவே கட்டித் தனிப் பொட்டலமாகவும் விற்கக்கூடாது. அமெரிக்கா 2009இல் சிகரெட்டில் மெந்தால் நீங்கலாக மற்ற மணங்களைத் தடுத்தது. ஐரோப்பா 2020 மே மாதத்தில் மெந்தாலையும் தடுத்தது. நம் கடைகளிலோ வடிகட்டியைக் கடித்தால் மணம் வெடிக்கும் சிகரெட் கிடைக்கிறது. புகையிலை புகையிலையாக, தன் கைப்போடும் காரலோடும் வரட்டும். அதன்பின்னும் ஒருவர் விரும்பினால் அது அவர் தேர்வு. காவற்காரனைத் தூங்கவைத்துவிட்டு உள்ளே வருவதைத் தேர்வு என்று சொல்ல முடியாது.

சட்டம் செய்ய வேண்டியது அது. மொழியில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது வேறு. 'நாற்றம்' என்ற சொல்லை நினைத்துப் பாருங்கள். சங்கப் பாடல்களில் பூவின் மணத்தைச் சொன்ன சொல் அது. இன்று சாக்கடைக்குத்தான் ஆகிறது. சொற்கள் தாம் சேரும் இடத்தால் நாறத் தொடங்குகின்றன. 'சுவை' என்பதோ நாவில் தொடங்கி, கவிதையை அறியும் மனம் வரைக்கும் சென்ற சொல். கவிதை அறிந்தவரைச் சுவைஞர் என்று அழைத்தோம். கைப்பைக் கைப்பு என்று அறிபவர்தான் சுவைஞர். கைப்பை மறைத்துத் தருபவரிடம் காசு கொடுப்பவருக்குத் தமிழில் வேறு பெயர் இருக்கிறது: வாடிக்கையாளர்.